மூலைவாக்கில் முப்பத்தாறு டைல்ஸ்

தேனி கடைவீதியில் ஜேசுராஜின் டைல்ஸ் கடைக்குள் நுழையும்போதே சுருளியம்மாள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். இது கோயில் இல்லை, போட்டுக்கொள் என்று மகள் மாரீஸ்வரி பல்லைக் கடித்தபடி சொன்னாள். தரையில் தன் மூஞ்சி தெரிகிறது, அதை எப்படி மிதிக்கிறது என்று கேட்டாள் அம்மா. கடையில் வேலை பார்த்த பெண்கள் இரண்டு பேர் சிரித்தார்கள். மாரீஸ்வரி திரும்பிப் பார்த்த பார்வையில் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

மாரீஸ்வரி அந்த வம்சத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவள். சிவில் படித்துவிட்டு, தேனியில் ஓர் அலுவலகத்தில் இரண்டு வருடமாக ஊரார் வீடுகளுக்கு வரைபடம் போட்டுக்கொண்டிருந்தாள். பிறத்தியார் வீட்டுக் குளியலறைகள் நூறுக்கு மேல் அவள் கைபட்டுக் கடந்து போயிருந்தன. சுருளிப்பட்டியில் அவள் பிறந்து வளர்ந்த தகரக் கூரை வீட்டில் ஒன்றுகூட இல்லை. வேப்பமரத்துக்கும் சுவருக்கும் நடுவில் பழைய சேலையைக் கட்டிய மறைப்புதான் குளிக்குமிடம். மற்றதற்கு ஓடைக்கரை. விடிவதற்கு முன்னால் ஒரு தடவை, இருட்டிய பிறகு ஒரு தடவை.

நடுவில் பகல் முழுக்க சுருளியம்மாள் திராட்சைத் தோட்டத்தில் இருப்பாள். பந்தலுக்கு அடியில் அண்ணாந்த கழுத்தோடு கொத்துகளைக் கத்தரிக்கிற வேலை. சுற்றிலும் ஆண் ஆட்கள், ஒதுங்க ஒரு மறைவு கிடையாது. அதனால் காலையில் ஒரு டம்ளர் நீராகாரம், சாயங்காலம் வீடு திரும்பியதும் ஒரு சொம்புத் தண்ணீர், அவ்வளவுதான். இருபத்தைந்து வருடம் தாகத்தை அடக்கிப் பழக்கிய உடம்பு. இரண்டு முறை நீர்க்கடுப்பு வந்து காய்ச்சலில் படுத்தாள். மூன்றாவது முறை சிறுநீரகம் வரைக்கும் கிருமி போயிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். தினமும் மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும், அடக்கவே கூடாது. சுருளியம்மாள் பவ்யமாகத் தலையாட்டினாள். திரும்பி வருகிற பஸ்ஸில், கம்பம் தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"குடிச்சுப்புட்டு எங்கன போறது?"

அதற்குப் பதிலாகத்தான் மாரீஸ்வரி வீட்டுக்கு வரைபடம் போட்டாள். பழைய வீட்டுக்குப் பின்னால் ஒரு கூடம், ஒரு சமையலறை, ஐந்துக்கு ஏழடியில் கழிப்பறையோடு சேர்ந்த குளியலறை. அப்பா அழகர் கம்பத்திலிருந்து மலைமேல் ஏலத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் ஓட்டுபவர். அவர் கூடத்தின் அகலத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். மகள் குளியலறையிலிருந்துதான் வரையவே தொடங்கினாள். வரைந்து முடித்துக் காட்டியபோது அம்மா ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள். கதவு உண்டா? உள்ளே தாழ்ப்பாள் உண்டா? உண்டு என்றதும், "அப்பக் கதவு மாட்டட்டும், குடம் குடமாக் குடிக்கிறேன்" என்றாள்.

அப்படித்தான் இருவரும் அன்றைக்கு ஜேசுராஜ் கடையில் நின்றார்கள்.

ஜேசுராஜ் சமையலறைச் சுவர்களில் தொடங்கினார். மேடைக்கு மேலே இரண்டடிக்கு வெள்ளை, நடுநடுவே படம் போட்ட டைல்ஸ் என்று ஒரு பலகையைத் திருப்பினார். படத்தில் பச்சைத் திராட்சைக் கொத்து, பனித்துளியோடு.

"அக்கா, கம்பத்துக்காரக எல்லாரும் இதத்தான் எடுக்குறாக."

சுருளியம்மாள் அதை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏன்யா, காலையில இருந்து பொழுது சாயிற வரைக்கும் இதைத்தானே அண்ணாந்து பாக்குறேன். சோறு பொங்குறப்பவுமா?"

ஜேசுராஜே சிரித்துவிட்டார். மாரீஸ்வரிக்கும் சிரிப்பு வந்தது. அம்மா கடைசியில் படமே இல்லாத வெறும் சந்தன நிறத்தைக் காட்டினாள். அதில் எண்ணெய் தெறித்தால் தெரியும், துடைக்கலாம். தெரியாத அழுக்கைத்தான் துடைக்க முடியாது என்றாள். சமையலறை ஐந்து நிமிடத்தில் முடிந்துபோனது.

குளியலறைதான் இழுத்தது. மாரீஸ்வரி என்ன வேண்டும் என்பதை முன்பே முடிவு செய்து வைத்திருந்தாள். சாம்பல் நிறத்தில், வழுக்காத சொரசொரப்பில், ஓரடிக்கு ஓரடி. அதை நேர்வாக்கில் ஒட்டக் கூடாது, மூலைவாக்கில் ஒட்ட வேண்டும். கணினியில் கடைப் பெண் ஒருத்தி காட்டிய தரையில் சதுரங்கள் எல்லாம் முனையில் நின்றன, சுவரோரம் முழுக்க முக்கோணத் துண்டுகள். சுருளியம்மாள் அதைப் பார்த்தாள், முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், உனக்குப் பிடித்தால் சரி என்றாள்.

அந்தத் தரை இருவருக்குமே தெரிந்த தரை. திராட்சைத் தோட்டத்து முதலாளி வீட்டின் குளியலறைத் தரை. சனிக்கிழமைதோறும் தோட்ட வேலை முடிந்ததும் சுருளியம்மாள் அந்த வீட்டைக் கழுவிவிடப் போவாள். பத்து வயதில் ஒரு நாள் கூடவே போன மாரீஸ்வரி, அடக்க முடியாமல் அந்தக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டாள். வெளியே வந்தபோது வீட்டம்மா நின்றிருந்தாள். திட்டவில்லை. ஒரு வாளி பினாயிலைத் தூக்கி அம்மா கையில் கொடுத்து, மறுபடியும் கழுவு என்றாள். அம்மா முட்டிபோட்டு, மூலைவாக்கில் கிடந்த அந்தச் சதுரங்களை ஒவ்வொன்றாகக் கழுவினாள். மகள் வாசலில் நின்று எண்ணினாள். அந்த எண்ணிக்கை அவளுக்கு இன்னும் மறக்கவில்லை. அதே தரை தன் வீட்டில் வேண்டும், அதில் தன் தாய் கதவைச் சாத்திக்கொண்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்க வேண்டும். இந்த ஆசையை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அம்மாவிடமும்தான்.

முப்பத்தைந்து சதுர அடிக்கு மூன்று பெட்டி, பெட்டிக்குப் பன்னிரண்டு, ஆக முப்பத்தாறு. வெட்டிய முக்கோணத்தில் மிச்சமான பாதி எதிர்ச் சுவருக்கு உதவும் என்று தாளில் வரைந்து கணக்குப் போட்டிருந்தாள். டைல்ஸ் ஒட்ட வந்த காமராஜ் பெட்டிகளைப் பார்த்ததுமே உதட்டைப் பிதுக்கினார். குமுளிப் பக்கம் பத்து வருடம் வேலை பார்த்தவர், போதும் என்பதற்கு அவர் வாயில் மதி என்றுதான் வரும்.

"முப்பத்தாறு மதியாவாது, இஞ்சினியரம்மா. மூலைவாக்குன்னா ஒரு பெட்டி கூட வேணும். வெட்டுறப்ப உடையும். நேர்வாக்குல போட்டா இதே சரக்கு மதி, நாளைக்குச் சாயந்தரம் கதவு மாட்டிரலாம்."

"நான் கணக்குப் போட்டுட்டேண்ணே. நீங்க ஒட்டுங்க."

காமராஜ் கரண்டியை எடுத்தார். படித்த பிள்ளை சொன்னால் சரியாக இருக்கும் என்று நினைத்தாரோ, இல்லை பட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டாரோ, தண்ணீர் ஓடுவதற்கு வாட்டம் பிடித்து, உள் சுவரிலிருந்து வாசலைப் பார்த்து ஒட்டிக்கொண்டு வந்தார். நான்கு டைல்ஸ் வெட்டும்போது பிளந்தன. இரண்டு முக்கோணங்கள் முனை நொறுங்கிப் போயின. மறுநாள் மதியம் வாசலை ஒட்டி ஓரடி அகலத்துக்குத் தரை மொட்டையாக நின்றது. ஐந்து டைல்ஸ் குறை.

தரை மட்டம் முடியாமல் கதவு மாட்ட முடியாது. கதவின் அடிப்பாகத்தைத் தரை உயரம் பார்த்துத்தான் அறுக்க வேண்டும். நீல நிற பிளாஸ்டிக் கதவு கண்ணாடித்தாள் சுற்றியபடி கூடத்துச் சுவரில் சாய்ந்து நின்றது.

மாரீஸ்வரி அன்றைக்கே தேனிக்குப் போய் ஒரு பெட்டி வாங்கி வந்தாள். காமராஜ் அதிலிருந்து ஐந்தை எடுத்துச் சிமென்ட் இல்லாமல் மணல்மேல் சும்மா பரப்பினார். பரப்பியதும் மாரீஸ்வரியின் முகம் மாறியது. பழையது சாம்பல் என்றால் இது நீலம் கலந்த சாம்பல். கடைக்குப் போன் போட்டாள். மாடல் அதேதான், பேட்ச்தான் வேறே, ஒரு சூளைக்கும் இன்னொரு சூளைக்கும் அப்படித்தான் இருக்கும், நின்று பார்த்தால் தெரியவே தெரியாது என்றார் ஜேசுராஜ். எனக்குத் தெரிகிறது என்றாள் இவள். பழைய பேட்ச் வேறு ஊர்க் கடைகளில் கிடக்கும், விசாரித்து வரவழைக்கிறேன், பத்து நாள் ஆகும் என்றார். ஆகட்டும் என்றாள்.

காமராஜ் கரண்டியைக் கழுவிக்கொண்டே சொன்னார். "ஒரு கொத்துச் சிமெண்டு மதி இஞ்சினியரம்மா. அரை மணி நேர வேலை. வாசலுக்கு ஒரு மிதியடி வாங்கிப் போட்டா எந்தக் கலருன்னு யாருக்குத் தெரியப்போகுது?"

அதுதான் அவளைச் சுட்டது. வாசலில் மிதியடி போட்டு மறைக்கிற தரை தன் தாய்க்கு எதற்கு? முடியாது என்றாள். அந்த ஐந்தும் ஒட்டப்படாமல், கால் வைத்தால் லொடக்கென்று ஆடிக்கொண்டு அப்படியே கிடந்தன.

அப்போது ஆடி பிறந்திருந்தது. அழகர் ஆவணியில்தான் பால் காய்ச்சுவது என்று சொல்லியிருந்தார். பால் காய்ச்சாத வீட்டில் புழங்கக் கூடாது என்றும் சொன்னார். மாரீஸ்வரி அவரோடு மல்லுக்கு நின்றாள். ஆடிக்கும் கிருமிக்கும் என்ன சம்பந்தம், அம்மா உடம்பு நாள் பார்க்குமா என்று தெருவுக்குக் கேட்கிற மாதிரி கத்தினாள். இரண்டு நாள் பேசாமல் இருந்த அழகர், மூன்றாம் நாள் ஜீப் சாவியை எடுத்துக்கொண்டே, கக்கூஸை மட்டும் முதலில் புழங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த மனுசன் இறங்கி வந்தது அதுவே முதல் தடவை.

ஆடிக்காகக் காத்திருப்பது மடத்தனம் என்று அப்பாவை ஜெயித்தவள், ஒரு பேட்ச் நம்பருக்காகக் காத்திருந்தாள். பத்து நாள் பதினெட்டு ஆனது. திண்டுக்கல்லில் இருக்கிறது என்றார்கள், இல்லை என்றார்கள். மதுரையில் இரண்டு பெட்டி இருக்கிறது, லாரி வரவேண்டும் என்றார்கள்.

அதுவரைக்கும் குளியலறை வாசலில் ஒரு சேலையைக் கட்டித் தருகிறேன் என்று மகள் சொல்லிப் பார்த்தாள். சுருளியம்மாள் மறுத்துவிட்டாள். "காத்தடிச்சா ஒரு கையில சேலையப் புடிச்சுக்கிட்டு ஒரு கையில தண்ணி ஊத்துறது, அதுலயே அம்பது வருசம் போச்சு. இனிமே கதவுதான் ஆத்தா. நீ மெல்லப் போடு, அவசரம் இல்ல."

அவசரம் இல்லை என்று அவள் சொன்னதை மாரீஸ்வரி அப்படியே எடுத்துக்கொண்டாள். எடுத்துக்கொள்ள வசதியாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மாவைக் காணோம் என்று தேடினால், குளியலறையில் தரையில் உட்கார்ந்திருந்தாள். சுவரோரத்து முக்கோணத் துண்டு ஒன்றைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"தோட்டத்து வீட்டுலயும் இப்பிடித்தான் இருக்கும்."

"அதனாலதாம்மா போட்டேன்."

"ம்." சுருளியம்மாள் துண்டின் ஓரத்தில் விரலை ஓட்டினாள். "இந்தத் துண்டுக ஓரத்துலதான் அழுக்கு போயி அண்டும். பிரஷ்ஷு போகாது. நகத்தாலதான் நோண்டணும்." ஆள்காட்டி விரலை நீட்டிக் காட்டினாள். நடுவில் பிளந்து, திரும்ப வளராத நகம். அதைத் திராட்சைக் கத்தரி வெட்டியது என்றுதான் மகள் இத்தனை வருடமும் நினைத்திருந்தாள்.

இங்கே நீ கழுவ வேண்டாம், நான் கழுவுகிறேன் என்றாள் மாரீஸ்வரி. குரல் கொஞ்சம் உயர்ந்தே வந்தது. அம்மா சிரித்து, சரி ஆத்தா என்று எழுந்தாள். எழுந்தபோது இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். வெயிலில் குனிந்த வலி என்றாள். உதடு காய்ந்து வெடித்திருந்தது. தண்ணீர் குடித்தாயா என்று கேட்டதற்குக் குடித்தேன் என்றாள்.

செவ்வாய்க்கிழமை காய்ச்சல் கண்டது. புதன்கிழமை நடுக்கம் எடுத்து, வாய் குழறி, அழகரை வேறு யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டாள். ஜீப்பின் பின்சீட்டில் படுக்க வைத்துக்கொண்டு போனார்கள். கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். சிறுநீரகம் இரண்டும் நின்றுவிட்டன என்றார்கள். ஒரு வாரமாக அவள் உடம்பில் தண்ணீரே இல்லை போலிருக்கிறதே என்று ஒரு நர்ஸ் கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை, சும்மாதான் கேட்டாள். மாரீஸ்வரிக்கு யார் மேலாவது பாய வேண்டும் போலிருந்தது. பாய ஆள் இல்லை. வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சுருளியம்மாள் போய்ச் சேர்ந்தாள்.

மத்தியானத்துக்குள் வீட்டுக்குக் கொண்டுவந்து, வேப்பமரத்து அடியில் பந்தல் போட்டுக் கிடத்தினார்கள். சாயங்காலம் நீர்மாலைக்குப் போனவர்கள் குடங்களில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். குளிப்பாட்ட வேண்டும். பெண்கள் நான்கு பேர் எழுந்து, வழக்கம்போல முற்றத்தில் நாற்காலி போட்டு, சுற்றி மறைக்கச் சேலையை விரித்தார்கள். காற்று அடித்துக்கொண்டிருந்தது. சேலை ஒரு பக்கம் மேலே எழும்பியது. அதுவரை கண்ணில் ஒரு சொட்டு வராமல் தூணைப் பிடித்து நின்ற மாரீஸ்வரி அதைப் பார்த்தாள்.

"இங்கன வேணாம். உள்ள வச்சுக் குளிப்பாட்டணும். பாத்ரூம்ல."

அப்பாவின் அக்கா மலையம்மாள் திகைத்துப் போனாள். "ஏண்டி, புத்தி பெரண்டு போச்சா? பால் காய்ச்சாத வீடு. மொத மொதப் பொணத்தையா கொண்டுபோயி வைப்பாக? நாளைக்கு அந்த வீட்டுல எவன் குடியிருப்பான்?"

"எவனும் குடியிருக்க வேணாம் அத்தை. அது அம்மாவுக்குக் கட்டுனது."

ஆம்பளைகள் முணுமுணுத்தார்கள். படித்த திமிர் என்று ஒரு குரல் தெளிவாகவே கேட்டது. மலையம்மாள் தம்பியைப் பார்த்து, நீயாவது சொல்லுடா என்றாள். அழகர் பந்தல் காலுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். நிமிரவில்லை. தலை குனிந்தபடியே, தூக்குங்க என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

நாற்காலியோடு தூக்கிக்கொண்டு பின்வீட்டுக்குள் போனார்கள். வாசலில் கிடந்த ஐந்து டைல்ஸும் ஒவ்வொரு காலுக்கும் லொடக் லொடக்கென்று ஆடின. இறக்கி வைத்துவிட்டு ஆண்கள் வெளியேறியதும், மாரீஸ்வரி கதவைச் சாத்துவதற்காகத் திரும்பினாள்.

கை வெறும் நிலையில் போய் நின்றது.

அவளுக்கு அது மறந்துபோயிருந்தது. முற்றத்தில் அத்தனை பேரோடு சண்டை போட்டு ஜெயித்தபோது, அவள் மனசுக்குள் அந்த அறைக்குக் கதவு இருந்தது, தாழ்ப்பாள் இருந்தது. இங்கே வெறும் வாசல்தான் இருந்தது. வாசல் வழியே கூடம் தெரிந்தது, கூடத்தில் நின்ற ஆண்கள் தெரிந்தார்கள். மலையம்மாள் முற்றத்திலிருந்து தோளில் போட்டுக் கொண்டுவந்திருந்த மறைப்புச் சேலையை எடுத்து விரித்தாள். இரண்டு பெண்கள் ஆளுக்கொரு முனையைப் பிடித்தார்கள்.

மாரீஸ்வரி அந்தச் சேலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்போது கூடத்தில் கண்ணாடித்தாள் கிழிகிற சத்தம் கேட்டது. அழகர் சுவரில் சாய்ந்திருந்த கதவைத் தனியாளாகத் தூக்கிக்கொண்டு வந்தார். உதவிக்கு வந்தவர்களைத் தள்ளிவிட்டார். சேலையை விலக்கச் சொல்லி, கதவை வாசலில் நிறுத்தி, வெளிப்பக்கமிருந்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். அடிப்பாகம் அறுக்காத கதவு, நிலையை மீறி நான்கு விரற்கடை நீண்டு நின்றது. உள்ளே வெளிச்சம் குறைந்தது. கூடத்துப் பேச்சு அடங்கியது.

"ஊத்துங்க" என்றார் வெளியிலிருந்து. "நான் புடிச்சிருக்கேன்."

ஊற்றினார்கள். ஒரு குடம், இரண்டு குடம், மூன்று குடம். சுருளியம்மாளின் நரைத்த தலையிலிருந்து வழிந்து, பிளந்த நகத்தின் மேலாக வழிந்து, தண்ணீர் தரையில் பரவியது. காமராஜ் பிடித்த வாட்டம் சரியாகத்தான் இருந்தது. மாரீஸ்வரி மஞ்சள் தேய்க்கக் குனிந்தாள். நாற்காலிக் காலுக்குப் பக்கத்தில் ஒட்டிய டைல்ஸும் வாசலோரம் ஒட்டாமல் கிடந்த ஐந்தும் நனைந்து கிடந்தன. எது பழைய பேட்ச், எது புதிய பேட்ச் என்று பார்த்தாள். முட்டிபோட்டு, முகத்தைத் தரைக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தாள். நனைந்த தரை முழுக்க ஒரே நிறமாக இருந்தது.

யாராவது அவளைத் தூக்கிவிடுங்கள் என்றாள் மலையம்மாள். அவள் எழவில்லை. சுவரோர முக்கோணத்தில் மஞ்சள் தண்ணீர் வந்து தேங்கி நின்றது. அதை ஆள்காட்டி விரல் நகத்தால் வழித்து வழித்து விட்டுக்கொண்டிருந்தாள்.

நேரமாகிறது என்று வெளியே யாரோ சொன்னார்கள். இருக்கட்டும் என்றார் அழகர். கதவின் இரண்டு பக்க ஓரத்திலும் அவருடைய விரல்கள் மட்டும் உள்ளே தெரிந்தன, நகங்கள் வெளுக்க வெளுக்க இறுகி.

"அவ மெல்லக் குளிக்கட்டும்."